தட்டான் கழற்றிப் போடுவதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே, ஊசுடு ஏரியில் தினமும் கண்டதைக் குறிக்க, எங்கள் பள்ளிக்கு ஒரு படிவம் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். முக்குளிப்பான், நாமக்கோழி, அந்துப்பூச்சி வரை சிக்கலில்லை. தட்டானில் மாட்டிக்கொண்டேன். தண்ணீருக்குள் வளர்ந்த இளம்பூச்சி கோரைத்தண்டில் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாகப் பறந்துவிடும். வெறுந்தோல் மட்டும் தண்டைப் பற்றியபடி நிற்கும். வெடிப்பில் வெள்ளை நூல்கள் தொங்கும். அந்த எக்சூவியாவுக்குத் தமிழில் என்ன? பறக்கிற தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம், மாலத்தீவு வரை கடல் தாண்டிப் போகிற இனமே உண்டு. தோல் கிடைத்தால்தான் இங்கே பிறந்தது என்று உறுதி. ஒரு மாணவி 'தட்டான் கூடு' என்று எழுதியிருக்கிறாள்.
- புதுச்சேரி ஆசிரியை

கூடு கூடவே கூடாது, அம்மா. கூட்டுப்புழுப் பருவம் அந்துக்கு உண்டு, தட்டானுக்கு இல்லை. 'உரி' என்று வையுங்கள். மெல்லிய துணியை 'அரவுரி அன்ன அறுவை' என்கிறது பொருநராற்றுப்படை. பாம்புக்கு ஆனது தட்டானுக்கு ஆகாதா?
- சிதம்பரம்

ஐயா, உரி என்றால் அரை நாழியும்தான். 'உரி 3' என்று பிள்ளை எழுதினால் பால்கணக்கு மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் பாம்புச்சட்டை என்றால் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். தட்டான் சட்டை என்றே போடலாமே.
- கடலூர்

சட்டை தமிழ்ச்சொல்தானா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.
- சிதம்பரம்

'தட்டானுக்குச் சட்டை போட்டால் குட்டைப் பையன் கட்டையால் அடிப்பான்' என்று விடுகதையே இருக்கிறது! கேட்டதைத் தட்டாத மாவலி, தடுக்கப் போன சுக்கிரன், குட்டை வாமனன். சுக்கிரன் வண்டாகத்தான் கமண்டலத்து மூக்கை அடைத்தான். தும்பி என்றும் சொல்லலாம்.
- நெய்வேலி

அப்படியானால் அது தட்டான் இல்லை. குறுந்தொகையின் 'அஞ்சிறைத் தும்பி' தேன் தேடும் வண்டு. தும்பியைத் தட்டானாக்கியது பிற்காலத்தவர் வேலை. இதைப் பற்றித் தனியாகவே எழுதுகிறேன்.
- சிதம்பரம்

தயவுசெய்து வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள், ஐயா. இன்று ஒரு தோலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மேசையில் வைத்தவுடன் மின்விசிறிக் காற்றில் பறந்து, ஒரு பையனின் சட்டைப்பையில் கால் மாட்டி நின்றது. 'சட்டை மேல சட்டை!' என்று வகுப்பே சிரித்தது. 'தட்டான் சட்டை' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.
- புதுச்சேரி ஆசிரியை

சரி. என் படியில் அடித்துவிட்டு 'உரி' என்று எழுதிக்கொள்கிறேன். அப்புறம், அந்து கூட்டைக் கிழித்து வெளியே வந்தபின் உள்ளே கிடக்கும் ஓட்டுக்கும் சட்டையா?
- சிதம்பரம்