வட்டவிதானையார் வீடு

காரைதீவிலிருந்து:
பழைய காணி உறுதி ஒன்றின் பிரதி எடுக்கப் போயிருந்தேன். பூட்டனின் பெயருக்கு முன்னால் 'வட்டவிதானை' என்று எழுதியிருந்தது. "ஐயா, இது குடும்பப் பெயரா?" என்று கேட்டார் அங்கிருந்த வெளியூர்த் தம்பி. பார்த்த வேலையின் பெயர் என்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது.

வட்டை என்றால் கிழக்கிலங்கையில் எங்கள் பக்கம் வயல்வெளி. வட்டைக்கு ஒரு விதானை. வாய்க்கால் வெட்டுவிப்பது, வேலி அடைப்பிப்பது, தண்ணீருக்கு முறை வைப்பது, வேளாண்மைக்குள் இறங்கிய மாட்டைப் பிடித்துக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி நெல்லாகவே வரும். ஊர் வழக்காக இருந்த இந்த முறைகளுக்கு வெள்ளைக்காரர் 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்தார்கள். 1958இல் நெற்காணிச் சட்டம் வந்தது; வட்டவிதானைப் பதவி போய்ப் பயிர்ச்செய்கைக் குழு வந்தது. பூட்டனின் கைத்தடி பரணுக்கு ஏறியதும் அப்போதுதான்.

'வட்டவிதானையார் வீடு' என்ற பெயர் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அது ஆண்வழியில் வரவே இல்லை. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். பூட்டன் இருந்ததும் பூட்டியின் வீட்டில்தான். அது அம்மம்மாவுக்குப் போய், பிறகு அம்மாவுக்கு வந்தது. பாண்டிருப்பிலிருந்து வந்த என் அப்பா முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவர். கடைசிவரை ஊருக்கு அவர் 'வட்டவிதானையார் வீட்டு மாப்பிள்ளை'. அதில் அவருக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்களுடையது ஓடாவியார் வளவு. ஓடம் கட்டுகிறவர்தான் ஓடாவி. எங்கள் ஊரில் கதவு, கட்டில் செய்கிறவரும் ஓடாவிதான். மூத்தப்பாவோடு உளி ஓய்ந்துவிட்டது. நான் கணக்காளன், ஆணி அடித்தால் விரலில்தான் படும். போன மாரியில் பக்கத்து வீட்டு ராத்தா மழையில் ஊதிப்போன கதவொன்றை மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். "ஓடாவியார் வீட்டில் ஒரு சீவுளிகூடவா இல்லை?" என்று பிறகு கேட்டார். வெட்கத்தில் கடையிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்தேன்.

சம்மாந்துறையிலிருந்து:
காரைதீவு அண்ணன் பதவி போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். சட்டத்தில் போயிருக்கலாம், வட்டையில் போகவில்லை. நான்தான் எங்கள் வட்டையின் வட்டவிதானை. விவசாயிகள் கூடித் தெரிவுசெய்தார்கள். போன சிறுபோகத்தில் இரவு இரண்டு மணிக்கு டோர்ச் லைட்டோடு போனால், யாரோ வாய்க்காலைச் சாக்கு வைத்து அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியிருக்கிறார். சாக்கை இழுத்தேன். விடிந்ததும் அவரே என் வாசலில் வந்து நின்று, கடைசி வயலுக்கு ஏன் தண்ணீர் போகவில்லை என்று என்னை ஏசினார்!

உங்கள் பூட்டனின் கைத்தடி இன்னும் பரணில் இருக்கிறதா அண்ணன்?