ஃப்ளாஸ்க், தூக்கு, துணிப்பை: எது ஏன் அலமாரிக்குப் போகிறது?

தூக்குச்சட்டி:

ஆசையாக வாங்கும் ஸ்டீல் பாட்டில் மூன்றாம் மாதமே பரணுக்குப் போய்விடுகிறது. கேட்டால் "நாத்தம் வருது", "ஒழுகுது", "சூடு நிக்கல", இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். விவரம் தெரிந்த குழு உறுப்பினர்கள் இங்கே பதில் எழுதுங்கள். பூமியைக் காப்பது பற்றி வேண்டாம். அளவு, நேரம், எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பது போதும். நாற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

நாற்றம் பெரும்பாலும் பாட்டிலில் இருக்காது, மூடியில்தான் இருக்கும். மூடிக்குள் ஒரு சிலிக்கான் வாஷர் இருப்பதே பலருக்குத் தெரியாது. டீயின் பால் அதற்கு அடியில் போய் உறைந்து புளிக்கும். ஸ்பூன் காம்பால் மெல்ல நெம்பி எடுங்கள். ஊக்கு வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில்தான் பிறகு ஒழுகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். திரும்ப மாட்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து மாட்டுங்கள். "கழுவினதிலிருந்து ஒழுகுது" என்று வரும் பாட்டில்களில் பாதிக்கு வாஷர் தலைகீழாகத்தான் இருக்கும்.

சோடாவும் கொதிநீரும் ஊற்றி மூடியை இறுக்கிக் குலுக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து, திறக்கும்போது சுடுநீர் முகத்தில் அடிக்கும். பாட்டிலை வைக்கும்போதும் மூடியைக் கழற்றியே வையுங்கள். உறிஞ்சு குழாய் வைத்த பிள்ளைகள் பாட்டிலை, அந்தக் குழாய்க்குள் நுழையும் மெல்லிய பிரஷ் இல்லாமல் வாங்கவே வேண்டாம். உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், வெளியிலிருந்து தெரியாது.

பாத்திரப்பித்து:

சூடு நிற்காததற்கு முதல் காரணம், அது ஃப்ளாஸ்க்கே இல்லை என்பதுதான். ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கொதிநீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சுட்டால் ஒற்றைச் சுவராக இருக்கும், இல்லையென்றால் இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் காற்று புகுந்திருக்கும். கீழே போட்டு நசுங்கிய இடத்தில் மட்டும் சுட்டால் வெளிச்சுவர் உள்சுவரைத் தொடுகிறது. வெற்றிடம் போனதை யாராலும் சரிசெய்ய முடியாது. அதைத் தண்ணீர் பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம். டீ ஆறிவிட்டதென்று அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அடைபட்ட இடைவெளி சூட்டில் வெடிக்கவும் கூடும்.

நல்ல ஃப்ளாஸ்க்கையும் ஊற்றும் விதத்தில் கெடுக்கலாம். முதலில் கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே டீ ஊற்ற வேண்டும். கழுத்துவரை நிறைய வேண்டும். ஒரு லிட்டர் ஃப்ளாஸ்க்கில் இரண்டு டம்ளர் ஊற்றினால் ஆறத்தான் செய்யும், ஆகவே ஆளுக்கேற்ற அளவில் வாங்குங்கள். பால் சேர்த்த டீயை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பில் பால் கெடுவதற்கு ஃப்ளாஸ்க் ஒன்றும் தடையில்லை.

உப்புப் போட்ட மோரை ராத்திரி முழுக்க வைத்தால் ஸ்டீலில் ஊசிமுனைப் புள்ளிகள் விழும். பிளீச்சிங் பவுடரும் அதையே செய்யும். இரண்டிலும் குளோரைடு குற்றவாளி. போர் தண்ணீரால் படியும் வெள்ளைப் படலத்துக்கு மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. அரை லிட்டர் சுடுநீரில் ஒரு டீஸ்பூன் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் விட்டால் கழன்றுவிடும். தண்ணீரிலுள்ள இரும்பால் வரும் செம்புள்ளியும் போகும். துரு என்று தூக்கி எறிந்த பாட்டில்கள் எத்தனையோ!

இன்னொன்று, காந்தம் வைத்து 304 என்ற தரமான ஸ்டீல் வகையா என்று பார்க்கும் வித்தை உதவாது. 304 ஒட்டாது என்பது சரி. ஆனால் மலிவான 200 வரிசை ஸ்டீலும் பொதுவாக ஒட்டாது. 304-ஐயே அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும்.

போசி:

கொங்குப் பக்கம் தூக்குக்குப் போசி என்று பெயர். டீக்கடைக்குப் போசி கொண்டுபோவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் கவரில் கொதிக்கக் கொதிக்கக் கட்டிவாங்குவதைத்தான் யோசிக்க வேண்டும். காகிதக் கப் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் வேண்டாம். அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2020-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வில், அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்ததைக் கண்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்தக் கப்பும் இருக்கிறது.

கறிக்கடை, மாவுக்கடையில் பாத்திரம் நீட்டினால் எடைத் தகராறு வரும். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, "டேர் அழுத்தி பூஜ்யம் பண்ணுங்கண்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாத்திரத்தின் எடையை அடியில் கீறி வைத்துக்கொண்டால் டேர் வேலை செய்யாத தராசிலும் கழித்துக்கொள்ளலாம். இட்லி மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வழியும்.

செக்கெண்ணெய் வாங்குவோர் அடிக்கடி ஏமாறுவது இங்கே: ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான். கிலோ கணக்கில் விற்கும் கடையில் ஒரு கிலோ கேட்டால் அது ஒரு லிட்டர் கேனில் அடங்காது, கொஞ்சம் மிச்சமாகும். கேன் சொட்டு ஈரமில்லாமல் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். பழைய எண்ணெய் அடியில் இருக்கப் புதிதை ஊற்றினால் காறல் சீக்கிரம் வரும்.

தையல்மிஷின்:

துணிப்பைக்குக் கணக்கு சொல்கிறேன். காடாத் துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவையுங்கள், முதல் சலவையில் சுருங்கும். 15க்கு 35 அங்குலத் துண்டை நடுவில் மடித்து, பக்கத்துக்கு அரை அங்குலமும் வாய்ப்புறம் ஒன்றரை அங்குலமும் மடித்துத் தைத்தால் 14க்கு 16 பை வரும். அடியில் தையல் இல்லாததால் பிரியாது. கைப்பிடி 4 அங்குல அகலத் துணியை நான்காய் மடித்தது. பை கிழிவது எப்போதும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, சதுரமாக ஓட்டி, அதற்குள் குறுக்காகப் பெருக்கல் குறி போடுங்கள். ஒற்றைத் தையல் ஐந்து கிலோ அரிசிக்கே பிய்ந்துவிடும்.

மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியபின் விசேஷங்களில் தாம்பூலப் பையாக ஆளுக்கொன்று தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டில் நாற்பது சேர்ந்தால் என்ன பயன்? பருத்தி விளைவிப்பதிலும் நெய்வதிலும் வரும் சுற்றுச்சூழல் பாதிப்பை வைத்துப் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்குப்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய கேரிபேக்கோடு புவி வெப்ப அளவில் சமமாகவே ஒரு துணிப்பையை 131 தடவை எடுத்துப்போக வேண்டும். ஆகவே நான்கு பை போதும். இரண்டு வண்டிப் பெட்டியில், ஒன்று செருப்பு ஸ்டாண்டில், ஒன்று துவைக்க. மீனுக்கும் கறிக்கும் துணிப்பை வேண்டாம், போசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு:

அண்ணா, செம்பு பாட்டிலுக்கும் அந்த லெமன் சால்ட் போடலாமா? உள்ளே கறுத்துக் கிடக்கிறது.

பாத்திரப்பித்து:

போடலாம் தம்பி, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு மூன்று தடவை அலசுங்கள். புளியும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கினாலும் பளிச்சென்று ஆகிவிடும். பச்சையாகப் படிந்திருந்தால் அதைச் சுத்தமாக எடுக்கும்வரை குடிக்க வேண்டாம். செம்பில் வெறும் தண்ணீர் மட்டுமே. எலுமிச்சை ஜூஸ், மோர், ரசம் எதுவும் ஆகாது, புளிப்பு செம்பைக் கரைத்துக் குமட்ட வைக்கும். உள்ளே பூச்சுப் பூசிய செம்பு பாட்டிலும் வருகிறது, அதைத் தேய்க்காதீர்கள்.