பெங்களூருவில் லான்சர் எவல்யூஷன் 10 வாங்குவது குறித்து

முகிலன், ஒயிட்ஃபீல்டு:
வணக்கம். மும்பையில் பதிவான மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10 கார் ஒன்று விலைக்கு வந்துள்ளது. அதே தரகர், அண்மையில் இறக்குமதியானதாகக் கூறி நிசான் ஸ்கைலைன் ஆர்34 கார் ஒன்றையும் காட்டுகிறார். எதை நம்பலாம்?

செல்வராணி, ஜெயநகர்:
ஸ்கைலைனைத் தொடவே தொடாதீர்கள், தம்பி. ஆர்34 வரிசையின் ஜி.டி.ஆர் வகை 1999 முதல் 2002 வரை தயாரானது. பழைய காரை இறக்குமதி செய்ய, அது உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எனவே 'அண்மையில் இறக்குமதியானது' என்ற பேச்சே சந்தேகத்துக்குரியது. ஆவணம் போலியென்று தெரிந்தால், விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்தும் சுங்கத்துறை வண்டியைப் பறிமுதல் செய்யலாம். எவல்யூஷன் 10 இங்கு முறைப்படி விற்பனையானது. ஆயினும் வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று நேரில் பாருங்கள். கர்நாடகத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதானால், தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்து, ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும்; விலை பேசும்போதே அத்தொகையைக் கணக்கில் சேருங்கள்.

இளங்கோ, ராஜாஜிநகர்:
அம்மா சொன்னது முற்றிலும் சரி. இயந்திரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எவல்யூஷன் 10-இன் 2 லிட்டர் டர்போ எஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா என்பதையும், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் அதன் எண்ணெயும் ஃபில்டரும் உரிய காலத்தில் மாற்றப்பட்டனவா என்பதையும் பில்களோடு சரிபாருங்கள். முந்தைய உரிமையாளர் பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டியிருந்தால், நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள் அழுத்தம்) அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உதிரிபாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருப்பதால், அன்றாடம் அலுவலகம் செல்ல வேறொரு வண்டி அவசியம்.