முதல் பந்தியில் இரணைமடு வந்தால் புள்ளி போய்விடுமா?

துணுக்காய் ரீச்சர்:
குருமன்காடு என்ற பெயரில் எழுதும் தம்பி, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நேற்று இரவு ஓர் அறிவுரை சொல்லியிருக்கிறார். “வன்னிப் பிள்ளைகள் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் முதல் பந்தியிலேயே கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை இழுத்து வைக்கிறார்கள். இந்த ஊர்க் கதையை விட்டால்தான் கட்டுரைக்குப் புள்ளி வரும்” என்று. வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஊர்க் கதையா அது?

போன மாதம் என் வகுப்பில் ‘வளங்களைப் பகிர்வதில் நீதி’ என்று தலைப்புக் கொடுத்தேன். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைப் பற்றிய சண்டையைப் பிள்ளைகள் உதாரணமாக எடுத்தார்கள். ஒரு பிள்ளை கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு நிரை கீறினாள். ஒன்றில் ‘சிறுபோகம்’ என்று எழுதினாள், மற்றதில் ‘குடிநீர்’. சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக்குக் கீழே, குளத்தில் நீர் குறைந்தால் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் பங்கு பிரிப்பதைக் குறித்தாள். குடிநீருக்குக் கீழே, யாழ்ப்பாணத்தில் உவர்க் கிணற்றை வைத்துக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலையும் வீட்டைக் குறித்தாள். கண்ணை மூடிக்கொண்டு தன் ஊரின் பக்கம் நிற்கவில்லை. சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குருமன்காடு:
ரீச்சர், நான் அந்தப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தவன். புதுக்கடைச் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நான் சொன்னது முதல் பந்தியைப் பற்றி மட்டும்தான். திருத்துகிறவர் முன்னால் ஒரு கட்டு விடைத்தாள் கிடக்கும். கேட்ட கேள்விக்கு உன் நிலைப்பாடு என்ன என்றுதான் அவர் முதலில் தேடுவார். அந்த இடத்தில் குளமும் வரம்பும் வந்தால் விடையை எங்கே போய்த் தேடுவது? 36 அடி என்றால் உங்களுக்கும் எனக்கும் குளம் நிரம்பிவிட்டது என்று விளங்கும். தெற்கே காலி நகரில் இருந்து திருத்துகிறவருக்கு அது வெறும் எண்.

இன்னொன்று. ‘சமூக ஊடகமும் பேச்சுச் சுதந்திரமும்’ என்று தலைப்பு வந்தால் இரணைமடுவை எங்கே வைப்பீர்கள்? அதற்குப் பேச்சுச் சுதந்திரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தெரிந்திருக்க வேண்டும். குளத்தின் ஆழம் தெரிந்து என்ன பயன்?

பரந்தன் சந்தி:
எங்கே வைப்பது என்று நான் சொல்கிறேன். 2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கிறதா? உங்களைப்போல வவுனியாவில் இருந்தவர்களுக்கு மறந்திருக்கும். எங்கள் ஒழுங்கையில் இரவோடு இரவாக முழங்கால் அளவு தண்ணீர். குளத்தின் கதவுகளை எப்போது திறப்பார்கள், எத்தனை திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கைபேசியில் வந்த வதந்தி ஒரு பக்கம், உண்மைத் தகவல் ஒரு பக்கம். எதை நம்பி மாட்டை அவிழ்ப்பது? பேச்சுச் சுதந்திரமும் அதற்குள் இருக்கிறது, தகவல் அறியும் உரிமையும் இருக்கிறது. அந்த உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைச் சும்மா பெயர் சொல்லிவிட்டுப் போவதைவிட இப்படி எழுதினால் நிற்கும். முதல் பந்தியிலேயே எழுதலாம்.

நெடுங்கேணி:
நான் இந்த முறைதான் விண்ணப்பிக்கிறேன். மொழி வினாத்தாளைத் தமிழில் எழுதலாம்தானே? எல்லாம் ஆங்கிலம் என்று ஒருவர் பயமுறுத்தினார். சுருக்கம் எழுதும் பகுதிக்கு எப்படித் தயாராவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

குருமன்காடு:
பரந்தன் அண்ணை, வவுனியாவை ஏன் இழுக்கிறீர்கள்? வவுனியாவும் வன்னிதான். போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களுக்கு 2009இல் வந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்த வீடு எங்கள் வீடு. எனக்கு வன்னியைப் படிப்பிக்க வேண்டாம்.

நெடுங்கேணித் தங்கச்சி, சட்டக் கல்லூரிப் பரீட்சைகளுக்கு ஆங்கிலம் மட்டும் என்ற வர்த்தமானி 2020இல் வந்தது. 2023இல் பாராளுமன்றம் அந்த ஒழுங்குவிதியைத் தோற்கடித்துவிட்டது. பயப்படாமல் தமிழில் எழுதுங்கள். ஆனால் முதல் பந்தியில் ஊர்க் குளம் வேண்டாம். பொதுவான ஒரு நியதியோடு தொடங்குங்கள். செங்கோன்மை அதிகாரத்தில் ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று ஒரு குறள் இருக்கிறது. அது எந்த நீதித் தலைப்புக்கும் பொருந்தும்.

துணுக்காய் ரீச்சர்:
அது செங்கோன்மை இல்லை. நடுவுநிலைமை, 12ஆம் அதிகாரம், 118ஆம் குறள். பரீட்சையில் சித்தியடைந்தவர் இப்படி எழுதலாமா? குறளோடு தொடங்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுத்தது ரியூசன்காரர்தான். கட்டில் இருக்கும் அத்தனை விடைத்தாளிலும் அதே குறள் வந்தால் திருத்துகிறவருக்குச் சலிக்காதா? என் பிள்ளை எழுதிய குளம் அவள் கண்ணால் கண்டது. எந்தக் கையேட்டிலும் அச்சடித்துக் கிடைக்காது.

குருமன்காடு:
அதிகாரம் எதுவானால் என்ன ரீச்சர்? கருத்துச் சரிதானே. இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கைவிட்டுப் பல வருடமாகிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தும் ஆகிவிட்டது. முடிந்துபோன சண்டையைப் பிள்ளை முதல் பந்தியில் எழுதினால், இந்தப் பிள்ளை பத்திரிகை வாசிப்பதில்லை என்றுதான் நினைப்பார்கள். அடுத்த வினாத்தாள் பொது அறிவு, மறந்துவிடாதீர்கள்.

துணுக்காய் ரீச்சர்:
தாளையடி எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? கமக்காரர் ஒன்றுகூடி மறுத்ததால்தானே திட்டம் கடலுக்குப் போனது! ஒரு பகுதி மக்களின் மறுப்பு அரசாங்கத் திட்டத்தை மாற்றியது என்றால் அதைவிட நல்ல உதாரணம் உண்டா? சண்டை முடிந்ததால் உதாரணம் செத்துவிடாது. வழக்கு முடிந்த பிறகுதானே தீர்ப்பைப் படிக்கிறீர்கள்? அதிகாரம் எதுவானால் என்ன என்று வேறு கேட்கிறீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் சமத்துவத்தைச் சொல்லும் 12ஆம் உறுப்புரைக்குப் பதில் 14 என்று சொல்லிவிட்டு, கருத்துச் சரிதானே என்பீர்களா?

புதுக்குடியிருப்பு:
நான் ஒரு விஷயம் சொல்லட்டும். மூன்று வருடத்துக்கு முன்னர் இந்தப் பரீட்சை எழுதினேன். கட்டுரையில் எங்கள் இடப்பெயர்வை எழுதத் தொடங்கினேன். அம்மா கையில் இருந்த சாமான் பையை எங்கே போட்டார் என்பது வரைக்கும் எழுதினேன். எழுத எழுத நிறுத்த முடியவில்லை. மணி அடிக்கும்போது நாலு பக்கம் நிறைந்திருந்தது. கேட்ட கேள்விக்கு ஒரு வரிகூட விடை இல்லை. சித்தியடையவில்லை.

குருமன்காடு:
பாருங்கள். நான் சொன்னது இதைத்தான்.

துணுக்காய் ரீச்சர்:
நான் சொன்னதும் இதைத்தான். பென்சிலால் இரண்டு நிரை கீறிவிட்டுத் தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது நடந்திருக்காது. எழுதிய விஷயத்தில் பிழை இல்லை. ஒழுங்குபடுத்தச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை.

புதுக்குடியிருப்பு:
நான் ஒருவருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். தயவுசெய்து இரண்டு பேரும் அதை எடுத்து மாறி மாறி எறிய வேண்டாம்.

பரந்தன் சந்தி:
புதுக்குடியிருப்புத் தம்பி, மனம் விடாமல் திரும்ப எழுதுங்கள். குருமன்காடு, இடப்பெயர்வும் இரணைமடுவும் ஒன்றா? ஒன்று எங்களுக்கு நடந்தது. மற்றது நாங்கள் இன்றைக்கும் நடத்துகிறது. இதுகூடத் தெரியாமல் என்ன சட்டம் படிக்கிறீர்கள்?

குருமன்காடு:
என் படிப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை, அண்ணை. ரீச்சர், உங்களுக்கு நினைவிருக்காது. உயர்தரம் படிக்கும்போது துணுக்காய்க்கு வந்து உங்களிடம் ஒன்றரை மாதம் படித்தேன். ‘வழக்கறிஞர்’ என்று எழுதியதைச் சிவப்புப் பேனையால் வெட்டி ‘சட்டத்தரணி’ என்று போட்டீர்கள். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் இந்தியப் பத்திரிகை வாசித்தால் இப்படித்தான் என்றீர்கள். அன்றைக்கே வகுப்பை விட்டேன். உங்களிடம் படிக்காமல்தான் உள்ளே போனேன்.

துணுக்காய் ரீச்சர்:
அது நீயா? நீலச் சைக்கிளில் வருவாய், கடைசி வாங்கில் இருப்பாய். மூன்று வருடம் படித்து, ஆறு மாதம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யும்போது உன்னை எப்படி அழைப்பார்கள்? சட்டத்தரணி என்றுதான். வெட்டியது சரி. எல்லோருக்கும் முன்னால் சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. அதை இங்கே பேச வேண்டாம். முதல் பந்திக்கு வா.

இதுதான் அந்தப் பிள்ளையின் முதல் பந்தி. அவளிடம் கேட்டுவிட்டு எழுத்துப் பிசகாமல் போடுகிறேன்:

“கமத்துக்கு நீர் கேட்பதும் நியாயம், குடிக்க நீர் கேட்பதும் நியாயம். இரணைமடுவில் 36 அடி நிற்கும் ஆண்டில் இந்த இரண்டு நியாயமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. குளம் வற்றும் ஆண்டில்தான் யாருக்கு முதலில் என்ற கேள்வி வருகிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியது பலமுள்ளவர் அல்ல, எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விதி.”

இதில் புள்ளி குறைக்கிற இடத்தைக் காட்டு.

குருமன்காடு:
முதல் வசனத்தில் இரணைமடு இல்லை. பொதுவான நியதிதான் இருக்கிறது. நான் இரண்டு நாளாகச் சொல்வது அதைத்தான்.

துணுக்காய் ரீச்சர்:
இரண்டாவது வசனத்தில் இருக்கிறது. இரண்டாவது வசனமும் முதல் பந்திதான். திரும்ப வாசி.

குருமன்காடு:
வாசித்துவிட்டேன். 36 அடி என்றால் என்ன என்று அவள் விளக்கவில்லை. காலியில் இருப்பவருக்கு விளங்காது.

பரந்தன் சந்தி:
அடுத்த வரியில் ‘குளம் வற்றும் ஆண்டில்’ என்று இருக்கிறதே. காலியில் குளம் வற்றாதா?

நெடுங்கேணி:
சுருக்கம் எழுதும் பகுதியைப் பற்றி முன்னரும் கேட்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு எப்படிக் குறைப்பது என்று யாராவது சொல்வீர்களா?

துணுக்காய் ரீச்சர்:
சொல்கிறேன் பிள்ளை, கொஞ்சம் பொறு. குருமன்காடு, காலியில் இருப்பவர் குளம் காணாதவர் என்று உனக்கு யார் சொன்னது?