திருவொற்றியூரில் கடல் பக்கம் பழைய தனி வீடு: அட்வான்ஸுக்கு முன் இன்ஜினியரை வைத்துப் பார்க்க வேண்டுமா?

தேரடித்தெரு

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். எண்ணூர் விரைவுச்சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு, முக்கால் கிரவுண்டு, கீழே இரண்டு போர்ஷன், மேலே ஒன்று. 1992, 93 வாக்கில் கட்டியது என்கிறார் உரிமையாளர். தேரடி மெட்ரோ நடக்கிற தூரம், அம்மாவுக்கு வடிவுடையம்மன் கோயில் பக்கம், அதனால் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்தாயிற்று, வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்றார். லோன் போடும்போது வங்கி இன்ஜினியரும் வந்து பார்ப்பாராம். ஆனால் என் மச்சான், கடற்கரை வீடு, தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்க்காமல் பத்து பைசா கொடுக்காதே என்று பிடிவாதமாக இருக்கிறார். புரோக்கரைக் கேட்டால் சிரிக்கிறார். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் செய்றது சார், வீடு கல்லு மாதிரி இருக்கு, இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்" என்கிறார்.

நான் கண்ணால் பார்த்த வரை பெரிய விரிசல் எதுவும் இல்லை. உள்ளேயும் வெளியேயும் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்க பெட்ரூமில் மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு, அது இந்தப் பக்கம் சகஜம்தானே. மச்சான் சொல்வது தேவையா, இல்லை வீண் செலவா?

கம்பிகட்டு

மச்சான் சொல்வதைக் கேளுங்கள் சார். நான் கட்டட ஆய்வு வேலையில்தான் இருக்கிறேன், அதனால் என் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில் அந்த ஃபால்ஸ் சீலிங். வீடு முழுக்க இல்லாமல் பின்பக்க அறையில் மட்டும் ஏன்? அந்த அறைக்கு மேலே பாத்ரூமோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகிறது. ஒரு சதுரத்தைக் கழற்றி டார்ச் அடித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஸ்லாபின் அடிப்பக்கம் கம்பி போகும் கோட்டிலேயே நேராக விரிசல் ஓடியிருந்தால், காப்பிக்கறை மாதிரி பழுப்புக் கசிவு இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். அதற்கு இடம் வேண்டுமே, அதனால் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. சன்ஷேடும் பால்கனியும்தான் பெரும்பாலும் முதலில் போகும். அவற்றின் அடியில் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் டப் டப் என்று வெற்றுச் சத்தம் கொடுக்கும். புதுப் பெயிண்ட் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது.

வங்கி இன்ஜினியர் வருவார், அளவு எடுப்பார், போட்டோ எடுப்பார், இந்த ஏரியாவில் என்ன விலை போகிறது என்று போடுவார், போய்விடுவார். கொடுக்கிற கடனுக்கு ஈடு தேறுமா என்பது அவர் கவலை. உங்கள் தலைக்கு மேலே இருக்கிற ஸ்லாப் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. வக்கீலும் அப்படித்தான், அவர் பார்ப்பது காகிதம்.

அப்புறம், நீங்கள் சகஜம் என்று சொன்ன உப்புத் தண்ணீர். 30 வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் கட்டின வீடுகளில் கலவைக்கும் அதே போர் தண்ணீரைத்தான் ஊற்றினார்களா என்பது என் முதல் கேள்வியாக இருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456இன் விதி. 2000இல் திருத்திய அதே விதிநூல், கடலோரச் சூழலில் நிற்கும் கான்கிரீட்டுக்கு குறைந்தது எம் 30 தரக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனமும், கேட்கிறது. 92இல் மேஸ்திரி வைத்துக் கட்டின வீட்டில் ஸ்லாபுக்கு 15, 20 மில்லிமீட்டர் கவர் இருந்தால் அதுவே பெரிய விஷயம். அதற்காக எல்லாப் பழைய வீடும் குப்பை என்று சொல்லவில்லை. காசிமேட்டில் கடலைப் பார்த்தபடி நிற்கிற சில வீடுகள் இன்னும் திடமாக இருக்கின்றன, கட்டினவர் அப்படி. எது எந்த ரகம் என்று வெளியே நின்று சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்.

என்ன டெஸ்ட் கேட்க வேண்டும் என்றால், ரீபவுண்டு ஹாமர் மட்டும் அடித்து ரிப்போர்ட் கொடுப்பவர் வேண்டாம். அது மேல்தோலின் கடினத்தைத்தான் காட்டும். அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே பொந்து இருக்கிறதா என்று காட்டும். கடலோர வீட்டுக்கு முக்கியம் மூன்று. கவர் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது, ஹாஃப் செல் என்று சொல்லும் மின்னழுத்தச் சோதனை, கான்கிரீட்டைத் துளையிட்டுத் தூள் எடுத்து லேபில் குளோரைடு பார்ப்பது. ஹாஃப் செல்லில் அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று கணக்கு. கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பினால்ஃப்தலீனைத் தெளித்து, ரோஸ் கலர் வந்துவிட்டது, கான்கிரீட் சூப்பர் என்று சிலர் முடித்துவிடுவார்கள். உப்பு ஏறின கான்கிரீட்டும் ரோஸ் காட்டும். அந்த ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது.

கல்மண்டபம்

மேலே சொன்னவருக்குக் கோபம் வரலாம், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தப் பக்கம் 30 வருஷ வீட்டை வாங்குகிறவர் நிலத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். கட்டடத்துக்கு யார் விலை போடுகிறார்கள்? வாங்குங்கள், சில வருஷம் இருங்கள், இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு லேப் டெஸ்ட் எதற்கு? அந்தக் காசுக்கு ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், போதும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

சங்கிலியும்_கல்லும்

கல்மண்டபம் தம்பி சொல்வது ராயபுரத்தில் உள்ளே இருக்கிற தெருவுக்குச் சரி. கடலிலிருந்து மூன்றாவது தெருவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

இடித்துவிட்டுக் கட்டலாம் என்பதே முதலில் உறுதியா என்று பார்க்க வேண்டும். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், சி.ஆர்.இசட். என்பார்கள். 2011 அறிவிக்கையிலும் அதுதான், 2019இல் வந்ததிலும் அதுதான். ஏற்கெனவே வீடுகள் நெருக்கமாக உள்ள நகரப் பகுதியை சி.ஆர்.இசட். 2 என்று வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாக இருந்தால் கட்டலாம், கடலின் பக்கமாக இருந்தால் கிடையாது. விரைவுச்சாலைக்கு மேற்கே இருக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் இடித்துக் கட்டுவதற்கு அனுமதி பெற்ற கட்டடம் என்று சட்டம் கேட்கும்போது உங்கள் வீட்டு மாடிக்கு அனுமதி இருந்ததா? 2011இல் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால் திருவொற்றியூர் தனி நகராட்சி, எனவே பிளானில் அந்த நகராட்சி முத்திரை இருக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கிவிட்டு மாடியைச் சும்மா ஏற்றினவர்கள் நிறையப் பேர். உரிமையாளரிடம் பிளானைக் காட்டச் சொல்லுங்கள், நகல் போதாது என்று சொல்லுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் போய், இந்த சர்வே எண் எந்த வகைக்குள் வருகிறது என்று கேட்டுவிடலாம்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் 1800 சதுர அடி என்று இருக்கும், தரையில் சங்கிலி போட்டால் குறையும். பக்கத்து வீட்டுச் சுவர் அரை அடி உள்ளே வந்திருக்கும், அல்லது முன்னால் தெருவை நீங்கள் கொஞ்சம் பிடித்திருப்பீர்கள். தாலுகா அலுவலகத்தில் டி.எஸ்.எல்.ஆர். என்னும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்கி, உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து நான்கு மூலையும் அளந்து பாருங்கள். அரசு சர்வேயர்தான் வேண்டும் என்றால் உரிமையாளர் பெயரில் மனு போட்டுக் கட்டணம் கட்டலாம், நேரம் பிடிக்கும்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மூலப்பத்திரத்தில் செங்கற்பட்டு மாவட்டம் என்று இருக்கும், இடையில் திருவள்ளூர் மாவட்டம் என்று வரும், இப்போது சென்னை மாவட்டம், திருவொற்றியூர் தாலுகா. பழைய சர்வே எண்ணும் இப்போதைய வார்டு, பிளாக், நகர சர்வே எண்ணும் ஒரே இடம்தான் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வில்லங்கம் பார்த்தால், வேறு யாருடைய மனைக்கோ வில்லங்கம் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியும். வக்கீல் எந்த எண்ணை வைத்துப் பார்த்தார் என்று கேளுங்கள்.

எர்ணாவூர்_மருமகள்

பெரியவர் பட்டா, பிளான் சொல்லிவிட்டார், நான் தண்ணீர் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உரிமையாளரிடம் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக்கடையில் கேளுங்கள். எங்கள் பக்கம் பக்கிங்காம் கால்வாயிலிருந்து வந்த தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. எத்தனை பேர் அதைத் தேய்த்துப் பார்த்து முடியாமல் மேலே பெயிண்ட் அடித்தார்கள் தெரியுமா? புதுப் பெயிண்ட் என்றீர்களே, அதனால் சொன்னேன். சுவிட்ச் போர்டுகளைத் தரையிலிருந்து வழக்கத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், தண்ணீர் பார்த்த வீட்டில்தான் அப்படி இருக்கும். சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள்.

கடல் பற்றி என் மாமனார் சொல்வது, துறைமுகம் கட்டினதிலிருந்து மணல் அந்தப் பக்கம் மெரினாவில் சேர்ந்துகொண்டே போகிறது, நம் பக்கம் கரையைத் தின்றுகொண்டே வருகிறது என்று. தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலைத் துறைமுகச் சுவர் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் விரைவுச்சாலை ஓரம் பாறாங்கல் கொட்டி, கடலுக்குள் நீளும் கல் தடுப்பாகத் தூண்டில் வளைவு போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் வேறு வந்திருக்கிறது. மூன்றாவது தெருவுக்குக் கடல் வராது என்று வைத்துக்கொள்ளலாம். உப்புக்காற்று வரும். எங்கள் வீட்டு ஜன்னல் கிரில்லும் ஏ.சி. வெளி யூனிட்டும் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

தேரடித்தெரு

எல்லோருக்கும் நன்றி. நேற்று மச்சானும் நானும் போய், சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். மேலே பாத்ரூம்தான் இருக்கிறது. உரிமையாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அட்வான்ஸ் போட்ட பிறகு தாராளமாகப் பாருங்கள் என்றார். புரோக்கர் குறுக்கே புகுந்து, வேண்டுமானால் விலையில் ஒரு லட்சம் குறைக்கச் சொல்கிறேன் என்கிறார். பிளான் ஊரில் இருக்கிறதாம். பக்கத்துக் கடையில் கேட்டதில் 2023இல் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது, எண்ணெய் வரவில்லை என்றார்கள். இப்போது என்ன செய்வது? வீடு பிடித்திருக்கிறது, அதுதான் பிரச்சினை.

கல்மண்டபம்

மாடிக்கு பிளான் இல்லாவிட்டால் இடித்துக் கட்டுவது சிக்கல் என்பது எனக்கு முன்பு தோன்றவில்லை, பெரியவர் சொன்னது நியாயம். ஆனால் ஒரு லட்சம் குறைக்கிறேன் என்று தானாக வந்தால் அதை விடாதீர்கள், இரண்டு கேளுங்கள்.

கம்பிகட்டு

பார்க்கவே இல்லாத ஒன்றுக்குத் தள்ளுபடி பேசாதீர்கள். ஸ்லாபின் அடியில் மட்டும் லேசாக உதிர்ந்திருந்தால் ஒரு லட்சம் லாபம்தான். பாத்ரூம் கசிவு பீமுக்கும் இறங்கியிருந்தால், உதிர்ந்ததைச் சுரண்டி, கம்பியைச் சுத்தம் செய்து, கரைந்த கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்து, பீமைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை, அதாவது ஜாக்கெட்டிங், போட அது எந்த மூலைக்கு? வெறும் சிமெண்ட் பூசி மூடுகிற பேட்ச் வேலைக்கும் ஏமாறாதீர்கள். உப்பு ஏறின பழைய கான்கிரீட் பக்கத்திலேயே இருக்க, நடுவில் புதுசு வைத்தால் பேட்ச் ஓரத்தில் இருக்கிற கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். 2021 டிசம்பரில் உங்கள் திருவொற்றியூரில் அரிவாக்குளம் குடியிருப்பில் 24 வீடுகள் ஒரே நாளில் சரிந்தன, நினைவிருக்கும். விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு என்ன காரணமோ, அது வேறு விஷயம், உங்கள் வீடு அப்படி ஆகும் என்று பயமுறுத்தவும் இல்லை.

இப்படிச் செய்யுங்கள். அட்வான்ஸ் இல்லை, சின்ன டோக்கன் மட்டும், அதுவும் எழுத்தில். கட்டட ஆய்வு முடியும் வரை வேறு யாருக்கும் பேசுவதில்லை, ஆய்வில் கம்பி, பீம், தூண் பழுது என்று வந்தால் டோக்கன் திருப்பித் தரப்படும், பிளான் அசலைக் காட்டாவிட்டாலும் அப்படியே, என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். துளை போடும் இடத்தையும் சீலிங்கையும் உங்கள் செலவில் சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுங்கள், பாதி உரிமையாளர்களின் தயக்கம் அதோடு போய்விடும். செலவு என்று பார்த்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மதிப்பில் 9 சதவீதம் அரசுக்குக் கட்டப்போகிறீர்கள். அதன் பக்கத்தில் ஆய்வுக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

இன்ஜினியரை நீங்கள் பிடியுங்கள், புரோக்கர் காட்டுகிற ஆள் வேண்டாம். பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் எந்தெந்த இடத்தில் எடுத்த அளவு என்று வரைபடத்தில் குறித்துத் தருவாரா என்றும் கேளுங்கள். மொட்டை மாடி, தொட்டி அடி, சன்ஷேடு, அந்தப் பின் அறை, இந்த நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும்.

தேரடித்தெரு

சரி சார். டோக்கன் கடிதத்தை வக்கீலிடம் எழுதச் சொல்லிவிட்டேன், எந்த சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டார் என்றும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பிளான் வரவில்லை என்றால் மணலி பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்கிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.