ஈரத்தில் வெட்டிய முன்முடி காய்ந்ததும் மேலே ஏறிவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு 19 நாள்தான் இருக்கிறது

நெல்லைச் சுருட்டை:
எல்லோருக்கும் வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இடுப்பு வரை சுருட்டை முடி. கல்யாணத்துக்கு முகம் கொஞ்சம் மாறித் தெரியட்டும் என்று நெற்றியில் விழும் குட்டை முன்முடியான பேங்ஸும், பின்னால் படிப்படியாக இறங்கும் லேயரும் நானே வெட்டிக்கொண்டேன். தலைக்குக் குளித்த கையோடு ஈர முடியை முன்னால் சீவி, கண் இமை வரை விட்டு வெட்டினேன். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் காய்ந்தது. இப்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை காலி. முடி படியாமல் ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இடப்பக்கம் இன்னும் மேலே. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் கொஞ்சம், மறுபடி இடப்பக்கம் கொஞ்சம் என்று வெட்டினேன். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான்.

லேயர் கதை தனி. மொத்த முடியையும் உச்சந்தலையில் ஒரே குடுமியாகக் கட்டி நுனியில் ஒரு சாண் வெட்டினேன். அவிழ்த்துப் பார்த்தால் மேலே குடை, கீழே வால்.

கத்தரிக்கோல், பால் பாக்கெட் வெட்டுவது. திட்டாதீர்கள், அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

நான்தான் நாத்தனார். மூன்றாவது முடிச்சு நான் போட வேண்டும். எல்லாப் படத்திலும் மணப்பெண்ணுக்குப் பின்னால் என் நெற்றிதான் தெரியும். இன்னும் கொஞ்சம் வெட்டிச் சமமாக்கலாமா?

முன்னாள் பார்லர் அக்கா:
முதலில் அந்தக் கத்தரிக்கோலைப் பால் பாக்கெட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடு கண்ணு. பிறகு இதற்குப் பதில் சொல். இடப்பக்கம் நெற்றியோரத்தில் சுழி இருக்கிறதா? வெட்டும்போது முடியை விரலால் இழுத்துப் பிடித்தாயா?

நெல்லைச் சுருட்டை:
இரண்டுக்கும் ஆமாம் அக்கா. வகிடு எடுக்கும்போதெல்லாம் அந்தச் சுழியோடு சண்டைதான்.

தையற்கடைக்காரன்:
முடியைப் பற்றி எனக்குத் தெரியாது, கத்தரியைப் பற்றித் தெரியும். மழுங்கிய கத்தரி துணியை வெட்டாது, முன்னால் தள்ளும். ஜார்ஜெட் துணியில் வைத்தால் தெரியும்: கோடு நேராக ஆரம்பித்து, முனைக்கு வரும்போது ஒதுங்கியிருக்கும். முடி அதைவிட வழுக்கும். நீங்கள் கோணலாக வெட்டவில்லை, கத்தரிதான் உங்கள் முடியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. முடிவெட்டுவதற்கென்றே மெல்லிய அலகோடு கத்தரி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வீட்டில் இருக்கும் தையல் கத்தரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உங்கள் டெய்லர் அழுவார்.

முன்னாள் பார்லர் அக்கா:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் பாதிக் குற்றம் தண்ணீருடையது. முடியை ஆக்கியிருக்கும் கெரட்டின் என்ற புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளர்ந்துவிடும். முடி நீண்டு தொங்கும், இழுத்தால் இன்னும் நீளும். காயும்போது பிணைப்பு மறுபடி இறுகி, சுருள் பழைய இடத்துக்கே ஓடிவிடும். நீ அளந்தது ஈர முடியின் நீளம். சுருட்டை முடியில் பேங்ஸை எப்போதும் காய்ந்த பிறகு, சுருளை இழுக்காமல், அது எங்கே தொங்குகிறதோ அங்கேயே வைத்துத்தான் வெட்ட வேண்டும். முதல் வெட்டு மூக்குத்தண்டு வரை இருந்தால் போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இடப்பக்கம் தூக்கி நிற்பது சுழியின் வேலை. அங்கே எவ்வளவு வெட்டினாலும் சமமாகாது, இன்னும் தூக்கும். அதனால் உன் கேள்விக்குப் பதில்: வேண்டாம், ஒரு மயிர்கூட வெட்டாதே.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நெற்றி முடியை மட்டும் வேர் வரை நனைத்துக்கொள். ஹேர் டிரையரை மேலிருந்து கீழாகப் பிடித்து, சீப்பால் முடியை நெற்றியோடு ஒட்டி ஒருமுறை இடமிருந்து வலமாக, அடுத்தமுறை வலமிருந்து இடமாகச் சீவியபடியே காயவை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளினால்தான் சுழி பிடிவாதத்தை விடும். டிரையர் இல்லையென்றால், ஈரம் இருக்கும்போதே நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் படியச் சீவி, மல் துணியால் நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முழுதாகக் காயும் வரை வேறு வேலை பார்.

கல்யாணத்தன்று நேராக்கிக்கொண்டு போகாதே. மண்டபத்துப் புழுக்கமும் வேர்வையும் சேர்ந்தால் தாலி கட்டும் நேரத்துக்குச் சுருள் திரும்பி வந்துவிடும். நடு வகிடு எடுத்து, பேங்ஸை இரண்டாகப் பிரித்து, கொஞ்சம் ஜெல் வைத்துப் பக்கத்தில் பின் குத்து. மேலே நெற்றிச்சுட்டி. பக்கச் சங்கிலி உள்ள சுட்டியாக இருந்தால் அதுவே குட்டை முடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

குடையும் வாலும் ஏன் வந்தது என்றால், உச்சியில் கட்டினால் உச்சி முடிதான் அதிகம் வெட்டுப்படும். பிடரி முடி உச்சிவரை ஏறி வர வேண்டியிருப்பதால் தப்பித்துக்கொள்ளும். இப்போதைக்குப் பின்னல்தான் வழி. முடி லேசாக ஈரமாக இருக்கும்போது பின்னினால் குட்டை நுனிகள் வெளியே குத்திக்கொண்டு வராது. சவுரி சேர்த்துப் பின்னிப் பூ வைத்தால் யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்ததும் சுருட்டை முடி வெட்டிப் பழகியவரிடம் போய்ப் படியைக் கலைத்துக்கொள்.

மொட்டைமாடி நிலா:
விளக்கெண்ணெய் தடவுங்கள் அக்கா, இரண்டு வாரத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். என் சித்தி சொல்வார்.

முன்னாள் பார்லர் அக்கா:
சித்தி மேல் கோபமில்லை. ஆனால் தலைமுடி மாதத்துக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 19 நாளில் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். எண்ணெய் பளபளப்பைத் தரும், நாள்கணக்கை மாற்றாது. அதிலும் விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு. கல்யாண வாரத்தில் நெற்றியில் பரு வந்தால் அதற்கு இங்கே இன்னொரு கேள்வி இழை தொடங்க வேண்டியிருக்கும்.

நெல்லைச் சுருட்டை:
துணி கட்டும் வித்தையை இன்று செய்து பார்த்தேன். நெற்றி படிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தையிடம் கவரிங் சுட்டி இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, நாற்காலி முதுகில் கயிறு சுற்றிக் குனிந்து முடிச்சும் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கப் பின் மட்டும் இரண்டாவது குனிதலில் நழுவிக் கயிற்றின் மேலேயே விழுந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். பின் நிற்க என்ன செய்வது அக்கா?

முன்னாள் பார்லர் அக்கா:
கருப்பு ஹேர்பின்னில் ஒரு கால் நேராக இருக்கும், ஒன்று நெளிநெளியாக இருக்கும். நெளிந்த கால்தான் தலைத்தோல் பக்கம் வர வேண்டும். பெரும்பாலும் நாம் அதைத் தலைகீழாகத்தான் குத்துகிறோம். சுழிக்குப் பக்கத்தில் இரண்டு பின்னைப் பெருக்கல் குறி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் போடு. போட்ட பிறகு மறுபடி குனிந்து பார்த்துவிட்டு எழுது.