ஃபெரிஸ் ப்யூலர் படப் பாடல்கள்: படத்தில் கேட்கிற அதே பதிப்புகளைச் சேர்ப்பது எப்படி?

வெண்தாழை:
1986-ல் வந்த 'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' படத்தின் பாடல்களை, படத்தில் கேட்கிற அதே வடிவத்தில் ஒரு தொகுப்பாகச் சேர்க்கப் பார்க்கிறேன். ஸ்ட்ரீமிங்கில் இருக்கிற பிளேலிஸ்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அருங்காட்சியகக் காட்சியில் படத்தில் குரலே கிடையாது. பிளேலிஸ்டில் யாரோ பாடுகிறார்கள். ஊர்வலக் காட்சியில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' நடுவே டிரம்பெட் முழங்குகிறது. பீட்டில்ஸ் ஆல்பத்தில் அது இல்லை. போதாக்குறைக்கு, டிவிடியோடு வைத்துப் பார்த்தால் எல்லாப் பாட்டும் சுருதி கொஞ்சம் இறங்கிய மாதிரி இருக்கிறது. இந்தப் படத்துக்கு அதிகாரபூர்வ ஆல்பம் என்று ஒன்று உண்டா இல்லையா?

ஒற்றைத்தடம்:
உண்டு, ஆனால் 30 வருடம் கழித்து வந்தது. படம் வந்த சமயத்தில் ஆல்பம் வேண்டாம் என்று சொன்னவர் இயக்குநர் ஜான் ஹியூஸேதான். 'டாங்கே ஷேன்', 'ஓ யெஹ்' இரண்டும் இருக்கிற தட்டை எந்தப் பிள்ளை வாங்கும் என்று கேட்டார். பீட்டில்ஸ் பாட்டு எப்படியும் அவர்களிடம் இருக்கும் என்றும் நினைத்தார். ஆல்பத்துக்குப் பதிலாகத் தன் அஞ்சல் பட்டியலில் இருந்த ரசிகர்களுக்கு 7 அங்குல இசைத்தட்டு ஒன்றை அனுப்பினார். ஒரு பக்கம் ஃபிளவர்பாட் மென் குழுவின் 'பீட் சிட்டி', மறுபக்கம் ப்ளூ ரூமின் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'.

என்னைக் கேட்டால் ஹியூஸ் சொன்னது தப்பு. 1963-ல் வந்த வெய்ன் நியூட்டன் பாட்டும் 1985-ல் வந்த யெல்லோவின் சிந்தசைசரும் அடுத்தடுத்து வருவதுதான் அந்தப் படத்தின் குணமே. பள்ளிக்கு மட்டம் போட்ட பையனின் ஒரு நாள் அப்படித்தான் தாவித் தாவிப் போகும்.

2016 செப்டம்பரில் லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் சிடி வெளியிட்டது. அதில் பாடல்களோடு ஐரா நியூபார்னின் பின்னணி இசையும், படத்தில் பயன்படுத்தாமல் விட்ட துண்டுகளும் இருக்கின்றன. உரிமம் கிடைக்காததால் மூன்று பாட்டு விடுபட்டது: 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', ஜெனரல் பப்ளிக்கின் 'டேக்கிங் த டே ஆஃப்', தி பீட் குழுவின் 'மார்ச் ஆஃப் த ஸ்விவல்ஹெட்ஸ்'. இந்தச் சிடியை அடித்தளமாக வைத்துக்கொண்டு மூன்றை மட்டும் வெளியே தேடுங்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிடியில் இருக்கிற 'பீட் சிட்டி' குழுவினரே புதிதாகச் செய்த மிக்ஸ். 7 அங்குலத் தட்டில் இருப்பதிலிருந்து வேறுபடும். ஃபெராரி நகரத்துக்குள் போகிற காட்சியோடு வைத்துக் கேட்டு, எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுருள்நாடா:
அருங்காட்சியகக் காட்சிக்கு வருகிறேன். 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ், லெட் மீ கெட் வாட் ஐ வான்ட்' என்ற பாட்டு முதலில் தி ஸ்மித்ஸ் குழுவுடையது, 1984-ல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. படத்தில் இருப்பது டிரீம் அகாடமியின் மறுஆக்கம், அதிலும் குரல் இல்லாத வடிவம். ஆக ஒரே பாட்டுக்கு மூன்று பதிவு: ஸ்மித்ஸ், டிரீம் அகாடமி குரலோடு, டிரீம் அகாடமி குரலில்லாமல். பிளேலிஸ்ட் போடுகிறவர்கள் முதல் இரண்டில்தான் சிக்குகிறார்கள். ஹியூஸ் எழுதிய 'ப்ரெட்டி இன் பிங்க்' படத்தின் ஆல்பத்தில் ஸ்மித்ஸ் பாடியது இருப்பதால் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது. தேடும்போது 'இன்ஸ்ட்ருமென்டல்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

அந்தக் காட்சிக்கு முதலில் வைத்திருந்தது வேறு இசை. படத்தொகுப்பாளர் பால் ஹிர்ஷ் தாளக்கட்டு இல்லாத ஒரு கிட்டார் தனியிசைக்குக் காட்சியை வெட்டியிருந்தார். வெளியீட்டுக்கு முன் சோதனைக் காட்சி பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிதான் ஆகப் பிடிக்காமல் போனது. ஹியூஸ் இசையை மாற்றிய பிறகு அதுவே பலருக்கும் பிடித்த காட்சியானது. புள்ளிகளால் வரைந்த ஓவியர் சூராவின் ஓவியத்தில் இருக்கிற சிறுமியின் முகத்தையும் ஃபெரிஸின் நண்பன் கேமரனின் முகத்தையும் மாற்றி மாற்றி நெருங்கி, கடைசியில் வெறும் புள்ளிகளாகிற வரை போகிறார்களே, அந்த இடத்தில் குரல் வந்திருந்தால் வார்த்தைகள் குறுக்கே நின்றிருக்கும்.

டிரீம் அகாடமியின் இன்னொரு பாட்டான 'த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' 1985-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. அதில் குழப்பம் இல்லை.

நாற்பத்தைந்து ஆர்பிஎம்:
டிரம்பெட் எந்த பீட்டில்ஸ் வெளியீட்டிலும் கிடைக்காது. ஊர்வலத்தில் வாத்தியக்குழு தெரிவதால், 1963 பதிவின் மேல் படத்துக்காகப் பித்தளை வாத்தியங்களைச் சேர்த்தார்கள். கூட்டத்தின் இரைச்சலும் அதே ஒலித்தடத்தில் கலந்திருப்பதால் படத்திலிருந்து சுத்தமாகப் பிரிக்கவும் முடியாது. தொகுப்புக்கு மோனோ பதிப்பை எடுங்கள். ஸ்டீரியோவில் ஒரு காதில் பாடகர், மறு காதில் வாத்தியங்கள் என்று ஒலி பிளந்து நிற்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் படத்தில் கேட்ட அந்த ஒரே மோதல் வராது.

சுருதி விஷயத்தில் பாட்டில் குறை இல்லை, உங்கள் டிவிடியில்தான். அது ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை வட்டாக இருக்கும். படம் எடுத்தது வினாடிக்கு 24 சட்டகம். பால் டிவிடி அதை 25-ல் ஓட்டுகிறது. வேகம் சுமார் 4 சதவீதம் கூடுவதால் சுருதி ஏறக்குறைய 0.7 அரைச்சுரம் ஏறிவிடும். 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க ப்ளூரே நல்லது. டிவிடிதான் இருக்கிறது என்றால் ஒலித்தடத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து வேகத்தை 4 சதவீதம் குறையுங்கள். 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' (பழைய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட்') என்பதைத்தான் எடுக்க வேண்டும். 'சேஞ்ச் டெம்போ' எடுத்தால் நீளம் சரியாகும், சுருதி ஏறியபடியே இருக்கும். சில வட்டுகளில் சுருதியை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள், அதனால் முதலில் ஒரு பாட்டை மட்டும் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒற்றைத்தடம்:
இன்னும் மூன்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஓ யெஹ்' பாட்டை 1985-ல் வந்த யெல்லோவின் 'ஸ்டெல்லா' ஆல்பத்திலிருந்து எடுங்கள். படம் ஓடிய பிறகு 1987-ல் சிங்கிளாக வந்ததில் வேறு மிக்ஸும் உண்டு. கேமரன் வீட்டு கராஜில் ஃபெராரியைக் காட்டும்போது அந்தத் தாழ்த்திய குரல் வருகிறது. கடைசியில் பள்ளிப் பேருந்தில், ஃபெரிஸைத் துரத்தும் பள்ளி அதிகாரி ரூனி உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் வருகிறது. ஆகவே தொகுப்பில் இரண்டு தடவை வைக்கலாம்.

'டாங்கே ஷேன்' 1963 பதிவுதானா என்று பாருங்கள். மலிவுத் தொகுப்புகளில் பிற்காலத்தில் திரும்பப் பாடியது வந்து உட்கார்ந்திருக்கும். குரலின் இளமை போய்விட்டிருப்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

நகரத்துக் கார் நிறுத்தக ஊழியர்கள் அந்த ஃபெராரியை ஓட்டிக்கொண்டு பறக்கும்போது வருவது ஸ்டார் வார்ஸ் தொடக்க இசை. 1977 இசைத்தட்டில் அந்தத் தடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும், முடிவு இசையையும் அதிலேயே ஒட்டியிருக்கிறார்கள். 1997 சிடியில் இருக்கிற இரண்டு நிமிடச் சொச்சத் தடம் போதும்.

வெண்தாழை:
வட்டு 99 நிமிடம்தான் ஓடுகிறது, நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு பாட்டு காதைப் பிளக்கிறது, அடுத்தது முனகுகிறது. எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்கு நார்மலைஸ் செய்தும் சரிவரவில்லை. கடைசி ஓட்டத்துக்கான பாட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

நாற்பத்தைந்து ஆர்பிஎம்:
உச்ச அளவைச் சமப்படுத்தினால் காதுக்குக் கேட்கிற சத்தம் சமமாகாது. 1980-களின் சிடியில் டிரம் அடி மட்டும் உச்சத்தைத் தொடும், மற்றதெல்லாம் கீழே இருக்கும். பிற்கால ரீமாஸ்டர்களில் பெரும்பாலும் பாட்டு முழுவதையும் மேலே தள்ளியிருப்பார்கள். காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளந்து சமப்படுத்துகிற ரீப்ளேகெயின் போடுங்கள், 'டிராக் கெயின்' முறையில். புதிய வடிவம் எல்லாவற்றையும் மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (கேட்கிற சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவரும். 'ஆல்பம் கெயின்' இங்கே உதவாது, ஒவ்வொரு பாட்டும் வெவ்வேறு ஆல்பத்திலிருந்து வருகிறது.

சுருள்நாடா:
ஃபெரிஸ் வேலி தாண்டி ஓடுகிற காட்சியின் பாட்டு 'மார்ச் ஆஃப் த ஸ்விவல்ஹெட்ஸ்'. அது 1982-ல் வந்த 'ஸ்பெஷல் பீட் சர்வீஸ்' ஆல்பத்தின் 'ரொட்டேட்டிங் ஹெட்' பாட்டினுடைய வாத்திய வடிவம். ஆல்பத்தின் மூலப் பட்டியலில் பாடிய வடிவம்தான் இருக்கும். அமெரிக்காவில் அவர்களை 'தி இங்கிலிஷ் பீட்' என்று அச்சிட்டிருப்பதால் அந்தப் பெயரிலும் தேடுங்கள்.